என் பெயரில் போன மெயில்

பேண்டேஜ் உற்பத்தியாளர் சங்க ஆண்டு விழா மேடையில் நீங்கள் சொன்னது பொய், மோகன்குமார். "எங்க கம்பெனியோட முதல் இமெயில் மார்க்கெட்டிங் ஒரு டைப்பிஸ்ட்டோட அவசரத்தால பாழாப் போச்சு, அதுல இருந்துதான் நான் பாடம் கத்துக்கிட்டேன்" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள். முன்வரிசை சிரித்தது. நான் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற பணியாளர் என்று எனக்கும் ஒரு அழைப்பிதழ் வந்திருந்தது. அந்த டைப்பிஸ்ட் நான்தான். பெயர் ஜெயசீலி. அவசரம் என்னுடையது இல்லை, உங்களுடையது.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில், இப்போது கம்பெனியில் மெயில் வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகள் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "அந்த டைப்பிஸ்ட் யாரு மேடம், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். சங்க மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன். அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கேதான் டைப்ரைட்டிங் லோயர், ஹையர், சுருக்கெழுத்து எல்லாம் முடித்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விரல் வலித்தது, பழகியது. எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் இந்த பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சேர்ந்தேன். தறியில் இருந்து வரும் துணியை வெளுத்து, அளவாக வெட்டி, சுருட்டி, பொட்டலம் போட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் கம்பெனி. காலையில் பஸ், சாயங்காலம் பஸ். பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி நடப்பேன். கூடவே நடப்பவள் பேச்சியம்மாள். அவளும் எங்கள் ஊர்தான். பேக்கிங் செக்‌ஷனில் பேண்டேஜ் சுருட்டுகிற வேலை. முதலில் ஏறுகிறவள் மற்றவளுக்கு இடம் போட்டு வைப்பாள். அவள் முந்தானையை விரித்து சீட்டில் போட்டுவிட்டாள் என்றால் கண்டக்டரே அதில் உட்காரப் பயப்படுவார்.

"ஏட்டி சீலி, நீ இங்கிலீசுல தட்டுத, நான் துணியச் சுருட்டுதேன். ரெண்டும் ஒரே கப்பல்லதான் போவுது. ஒனக்கு மட்டும் எப்படிட்டி பேன் காத்து?" என்பாள்.

"நீயும் வந்து தட்டு. யாரு வேண்டாங்கா?"

"எனக்கு எதுக்கு? ஒன் விரலப் பாத்தாலே பாவமா இருக்கு. முருங்கக்கா மாதிரி ஆயிட்டு."

எங்கள் மேனேஜர் சங்கரலிங்கம் ஐயா. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளும் ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததில்லை. சட்டைப் பையில் மூன்று பேனா. மேசையில் இடது பக்கம் திருப்பி அனுப்பும் தபால், வலது பக்கம் முதலாளி கையெழுத்துக்குப் போகும் தபால். நான் அடித்துக் கொண்டுபோய் வைத்தால் அவர் கடிதத்தைக் கீழேயிருந்து மேலே படிப்பார். முதலில் இடது ஓரம் அடியில் உள்ள எழுத்துகள். பிறகு நகல் யார் யாருக்கு என்ற வரி. அதற்குப் பிறகுதான் விஷயம்.

அடியில் உள்ள எழுத்து என்பது இதுதான். கடிதத்தை வாயால் சொன்னவர் பெயரின் முதலெழுத்துகள், ஒரு சாய்கோடு, அதை அடித்தவர் பெயரின் முதலெழுத்துகள். அவர் சொல்லி நான் அடித்தால் எஸ்.எல்., சாய்கோடு, ஜே.எஸ். பெரிய முதலாளி சொன்னால் முன்னால் அவர் எழுத்து. கையெழுத்து யார் போட்டாலும் சரி, அடியில் இந்த எழுத்து இல்லாமல் ஒரு காகிதம் கம்பெனியை விட்டு வெளியே போகக் கூடாது. விட்டுப்போனால் திட்ட மாட்டார். ஒரு வார்த்தை பேசாமல் இடது பக்கம் வைத்துவிடுவார். நாலு கார்பனோடு முழுக் கடிதத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். முதல் மாதம் நான் அழாத நாள் குறைவு.

நகல் வரியிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தூத்துக்குடி ஏஜெண்டுக்கு ஒரு நகல் போகிறது என்றால் அது கடிதத்திலேயே தெரிய வேண்டும். வாங்குகிறவனுக்குத் தெரியாமல் இன்னொருவனுக்கு நகல் அனுப்புவது அவர் கணக்கில் திருட்டு.

"ஒருத்தனுக்கு எழுதுற தபால வேற யாரு படிக்கான்னு அவனுக்குத் தெரியணும். மறைச்சு அனுப்புறவன் மொட்டக் கடுதாசி எழுதுறவன்" என்பார்.

வெள்ளைக் காகிதம் வாங்குகிறவருக்கு. மஞ்சள் அந்த நாட்டு பைலுக்கு. ரோஸ் நாள் பைலுக்கு. ஜெர்மனி, ஹாலந்து, இத்தாலி என்று நாடு வாரியாக இரும்பு பீரோவில் பைல்கள் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

நான் சேர்ந்து இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ, ஒரு தப்பு நடந்தது. ஹாம்பர்க்கில் எங்களுக்கு ஒரு பழைய பார்ட்டி உண்டு. கம்பெனி அனுப்பும் சரக்கில் பாதி அவருக்குத்தான். அவருக்குப் பத்து சென்டிமீட்டர் அகலத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தார். நாங்கள் பதினைந்து என்று உறுதி செய்து டெலெக்ஸ் கொடுத்தோம். அவர் பக்கம் கவனிக்கவில்லை. இங்கே ஒரு லாட் முழுவதும் பதினைந்தில் வெட்டிச் சுருட்டி அட்டைப்பெட்டியில் ஏறிவிட்டது. பெரிய முதலாளி ஆபீசுக்குள் வந்து நின்றார்.

"யாருலே அடிச்சது இத?"

சங்கரலிங்கம் ஐயா எழுந்தார். ரோஸ் நகலை எடுத்தார். என் சுருக்கெழுத்து நோட்டைக் கேட்டு வாங்கினார். இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். "அடிச்சது சீலி. சொன்னது நான். நோட்டுல பதினஞ்சுன்னுதான் இருக்கு. நான் சொன்னதத்தான் அவ அடிச்சிருக்கா" என்றார்.

அவ்வளவுதான். முதலாளி வெளியே போய்விட்டார். எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். "ஏம்மா, அந்தத் துருக்கிக் கடிதம் ஆச்சா?" என்றார். அன்றைக்குத்தான் அந்த எழுத்து எதற்கு என்று எனக்குப் புரிந்தது. பேக்கிங் செக்‌ஷன் வரைக்கும் இந்தக் கதை பரவியது. அதற்குப் பிறகு பொட்டலத்தில் வைக்கும் துண்டுச்சீட்டில் சுருட்டினவள் பெயரும் சரிபார்த்தவள் பெயரும் எழுதும் வழக்கம் வந்தது. யார் பெயர் இருக்கிறதோ அவள் செய்தது. எங்கள் கம்பெனியில் சின்ன வேலைக்காரி வரைக்கும் இது தெரியும்.

டெலெக்ஸ் போய் பேக்ஸ் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. அப்புறம் மோகன்குமார் வந்தார். பெரிய முதலாளியின் மகன். சென்னையில் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னைச் சீலியக்கா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பதினைந்து வருஷமாக "ஏம்மா" கேட்டவளுக்கு "அக்கா" பெரிய விஷயம்.

அவர்தான் கம்பெனிக்கு இன்டர்நெட் கொண்டுவந்தார். போனில் மதுரைக்கு லைன் கிடைக்க வேண்டும். கிடைத்தால் அந்தப் பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்தும். பாதியில் யாராவது போனை எடுத்தால் அறுந்துவிடும். கம்பெனி பெயரில் ஒரு மெயில் கணக்கு இருந்தது. அது போக, மஸ்கட்டில் நர்சாக இருந்த என் தங்கச்சிக்கு எழுத எனக்கென்று ஒரு இலவசக் கணக்கு அவரே திறந்து கொடுத்தார். என் முழுப் பெயரில். அதற்கும் நன்றி சொன்னேன்.

சங்கரலிங்கம் ஐயா அந்தப் பெட்டிப் பக்கமே வரவில்லை. மெயிலைக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தால் வழக்கம் போல அடியில் இருந்து படிப்பார். நானும் மெயிலுக்குக் கீழே இரண்டு பேர் எழுத்தையும் போட்டுத்தான் அனுப்பினேன்.

ஒரு காலை. ஐயா வங்கிக்குப் போயிருந்தார். மோகன்குமார் ஒரு பிளாப்பியை என் மேசையில் வைத்தார். ஏதோ ஒரு கண்காட்சிப் புத்தகத்தில் இருந்து ஆஸ்பத்திரிச் சாமான் வியாபாரிகளின் மெயில் முகவரிகளைத் தட்டிச் சேர்த்திருந்தார். நூற்றுக்கு மேல். கூடவே அவர் எழுதிய மெயில். எங்கள் கம்பெனி, எங்கள் துணி, எங்கள் விலை.

"சீலியக்கா, இதை உங்க ஐடியில இருந்து எல்லாருக்கும் அனுப்பிருங்க."

"என் ஐடியிலயா சார்? கம்பெனி மெயிலு இருக்கே?"

"கம்பெனி ஐடியில இம்புட்டுப் பேருக்கு ஒண்ணாப் போட்டா பிளாக் பண்ணிருவாங்கக்கா. கோயமுத்தூர்ல என் பிரெண்டுக்கு அப்படித்தான் ஆச்சு. கேக்காம வார மெயில்னு திட்டி வேற எழுதுவாங்க. நம்ம பேரு கெட்டுரக் கூடாதுல்லா."

"நம்ம பேரு" என்றார். அந்த நம்மில் நான் இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. திட்டு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கணக்கைப் பூட்டுவார்கள் என்று தெரிந்திருந்தது. அதனால்தான் என் கணக்கைக் கேட்டார். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முகவரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஜெர்மனியில் ஹாம்பர்க் பார்ட்டியின் முகவரியும் இருந்தது.

"சார், இதுல நம்ம பழைய பார்ட்டி இருக்காவ. இந்த விலை அவியளுக்குப் போடுற விலையவிடக் கம்மி. அவிய பேர எடுத்துரவா?"

அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு, "எல்லாருக்கும் போகட்டும்க்கா. ஒவ்வொண்ணா பாத்துட்டு இருந்தா இன்னைக்கு முடியாது" என்றார். அவசரம் யாருடையது என்று இப்போது சொல்லுங்கள்.

ஒரு தடவைக்கு இத்தனை பேருக்குத்தான் என்று அந்த இலவசக் கணக்கில் வரம்பு இருந்தது. அதனால் பிரித்து அனுப்ப வேண்டும். நான் எப்படிப் பிரிப்பேன்? பீரோவில் பைல் நிற்கிற மாதிரிதான். ஜெர்மனிக்காரர்கள் ஒரு மெயில், ஹாலந்துக்காரர்கள் ஒரு மெயில். முகவரி போட அதில் மூன்று கட்டம் இருந்தது. மூன்றாவது கட்டத்தில் போட்டால் ஒருவருடைய முகவரி மற்றவருக்குத் தெரியாது என்று படித்திருந்தேன். தெரிந்தேதான் அதில் போடவில்லை. மறைத்து அனுப்புவது திருட்டு என்று பதினைந்து வருஷம் கேட்டவள் நான். எல்லா முகவரியையும் முதல் கட்டத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, வரிசையாகப் போட்டேன். அது என் தப்பு. யாரும் சொல்லித்தரவில்லை என்று தப்பிக்க மாட்டேன். ஒரே ஊரில் ஒருவனுக்கொருவன் போட்டியாக இருக்கிற வியாபாரிகளை ஒரே காகிதத்தில் நிறுத்தி, அத்தனை பேருக்கும் ஒரே விலையைக் காட்டினேன்.

அனுப்புவதற்கு முன்னால் மெயிலின் அடியில் எம்.கே., சாய்கோடு, ஜே.எஸ். என்று போட்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"இது என்னதுக்கா?"

"சொன்னது நீங்க, அடிச்சது நான். வழக்கமாப் போடுறதுதான் சார்."

சிரித்தார். "இது என்ன தபாலா? மார்க்கெட்டிங் மெயில்க்கா. பாக்குறதுக்கு நீட்டா இருக்கணும். எடுத்துருங்க."

எடுத்தேன். ஐயா அன்றைக்கு இருக்கையில் இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன். அவர் திரும்பி வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா என்று கூப்பிடுகிறவரைப் பற்றிப் போய்ச் சொல்வதாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த மெயிலைக் காகிதத்தில் எடுத்து ரோஸ் பைலில் வைக்கவும் இல்லை. அடியில் எழுத்து இல்லாத காகிதத்தை அவர் மேசையில் வைக்கப் பயம். அதனால் நடந்ததற்கு என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. என் இத்தனை வருஷ வேலையில் ஒரே ஒரு தடவை நகல் எடுக்கவில்லை. அந்த ஒரு தடவை அதுதான்.

மறுநாள் காலை லைன் கிடைத்துக் கணக்கைத் திறந்தேன். போய்ச்சேராமல் திரும்பி வந்தவை ஒரு குவியல். என்னை எடுத்துவிடு, என்னை எடுத்துவிடு என்று ஒரு குவியல். ஒருவர் என்னை நாய் என்று எழுதியிருந்தார். நடுவில் ஹாம்பர்க் பார்ட்டியின் மெயில் இருந்தது. இரண்டே வரி. இத்தனை வருஷம் வாங்குகிற எனக்கு ஒரு விலை, உங்களுக்கு முன்பின் தெரியாத என் போட்டியாளர்களுக்கு அதைவிடக் குறைந்த விலையா, மிஸ் ஜெயசீலி? நீங்கள் யார்?

அதை எனக்கு மட்டும் அனுப்பவில்லை. வரிசையில் இருந்த எல்லோருக்கும் போகிற மாதிரி பதில் போட்டிருந்தார். அதற்கு மற்றவர்கள் பதில். அந்தப் பதிலுக்குப் பதில். எல்லாம் என் பெயருக்கு வந்து விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். தங்கச்சி எழுதிய மெயில் அத்தனையும் அதோடு போனது. அவளுக்கு முதல் பிள்ளை பிறந்த சேதி எனக்கு ஒரு மாசம் கழித்துத் தபாலில் வந்தது.

ஹாம்பர்க்கில் இருந்து பெரிய முதலாளிக்குப் போன் வந்தது. அவர் அறைக்குள் அப்பாவும் மகனும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்து மோகன்குமார் என் மேசைக்கு முன்னால் நின்றார். "ஹாம்பர்க்குக்கு ஒரு லெட்டர் எடுத்துக்கோங்க" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

சுருக்கெழுத்து நோட்டை எடுத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்கள் பணியாளர் ஒருவர், நிர்வாகத்துக்குத் தெரியாமல், தன் சொந்த மெயில் கணக்கில் இருந்து, தன் சொந்த முடிவில், இந்த மெயிலை அனுப்பிவிட்டார். அவர் வேலையில் இருந்து நீக்கப்பட்டார். வருந்துகிறோம்.

எழுதி முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன்.

"சார், நீக்கப்பட்டார்னா?"

"அது அவங்களுக்காக. நீங்க எங்கயும் போக வேண்டாம். பைல் எல்லாம் உங்களுக்குத்தான தெரியும்? இங்கயே இருங்க."

"நீங்க சொல்லித்தான சார் அனுப்பினேன்?"

"அத இப்பச் சொன்னா கம்பெனி போயிரும். நீங்க ஒரு ஆளு. கம்பெனில எத்தன பேரு இருக்காங்க, நெனச்சுப் பாருங்க."

மெஷினில் காகிதத்தைச் செருகினேன். என்னை நீக்கிய கடிதத்தை நானே அடித்தேன். நாலு கார்பன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அடியில் எம்.கே., சாய்கோடு, ஜே.எஸ். இந்தத் தடவை எடுக்கச் சொல்லவில்லை. அவர் கவனிக்கவே இல்லை.

சங்கரலிங்கம் ஐயா அதைக் கீழேயிருந்து மேலே படித்தார். நேரம் எடுத்துப் படித்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மெயிலுக்கு அடியில எழுத்துப் போட்டியா?"

"போட்டேன்யா. எடுக்கச் சொன்னாவ. எடுத்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பெரியவியள்ட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. உங்க பேச்ச நம்புவாவ. நான் என்னைக்காவது நானா ஒரு தபால் அனுப்பியிருக்கேனா?"

"நான் பாக்கலம்மா."

"நான் பொய் சொல்லுதேன்னு நெனைக்கியளா?"

"நெனைக்கல. ஆனா நான் பாக்கல. பாக்காதத பாத்தேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

கடிதத்தை எடுத்து வலது பக்கம் வைத்தார். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு மோகன்குமார் மேல் உள்ள கோபத்தில் பாதி அவர் மேலும் இருக்கிறது. பார்க்கவில்லை என்றாலும், பதினைந்து வருஷம் என்னைப் பார்த்தவர் அவர். அதைச் சொல்லியிருக்கலாம். இதை அவர் குடும்பத்தார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

அந்தக் கடிதத்தின் விஷயத்தை, நீக்கின வரியை மட்டும் விட்டுவிட்டு, தமிழில் எழுதி பேக்கிங் செக்‌ஷன் போர்டில் ஒட்டினார்கள். மன்னிப்புக் கேட்டும் ஹாம்பர்க் பார்ட்டி திரும்பவில்லை. சரக்கு பாதியாகக் குறைந்தது. இரண்டு ஷிப்ட் ஒன்றானது. வீட்டுக்கு அனுப்பின பெண்களில் பேச்சியும் ஒருத்தி.

அவளை அனுப்பின அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறியிருந்தாள். பக்கத்து சீட்டில் முந்தானை விரித்திருக்கவில்லை. அங்கே சேத்தூரில் இருந்து வந்த யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏ பேச்சி" என்றேன்.

"ஒனக்கு எதுக்குட்டி இந்த வேல?" என்றாள், திரும்பாமல். "ஒன் சொந்த மெயிலுல வெலைய எழுதி ஊரெல்லாம் போட்டியாமே. கமிசன் எதுவும் தாரேன்னானா?"

"சின்ன மொதலாளி சொல்லித்தான்ட்டி போட்டேன். சத்தியமா."

"அவிய சொன்னா அவிய பேருல போவும். ஒன் பேருல ஏன் போச்சி?"

அவள் கேட்டது எங்கள் கம்பெனி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விதான். யார் பெயர் இருக்கிறதோ அவள் செய்தது. பொட்டலத்துச் சீட்டில் பதினைந்து வருஷம் தன் பெயரை எழுதினவள் வேறு எப்படிக் கேட்பாள்?

"மெயிலு அப்படி இல்லட்டி, அது வேற" என்றேன்.

"என்ன வேற? பேரு பேருதான்" என்றாள். எங்கள் ஊர் வந்ததும் முன்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டாள். பிறகு தளவாய்புரத்துக்கு நைட்டி தைக்கப் போனாள். இரண்டு பஸ் மாற வேண்டும். நேரம் வேறு என்பதால் நாங்கள் பஸ்ஸில் பார்க்கவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

நான் ஏன் அன்றைக்கே வேலையை விடவில்லை என்று கேட்பீர்கள். வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். அது ஒரு காரணம். இன்னொன்று, விட்டால் செய்தவள் ஓடிவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். இருந்தால் என்றாவது நடந்தது வெளியே வரும் என்று நினைத்தேன். நினைத்தது முட்டாள்தனம்.

இருந்ததற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். நீக்கிவிட்டதாக வெளிநாட்டுக்கு எழுதியாகிவிட்டது. அதனால் கடிதங்களின் அடியில் ஜே.எஸ். வரக் கூடாது. ஓய்வு பெறும் வரைக்கும் நான் தட்டிய ஆயிரக்கணக்கான கடிதங்களில், மெயில்களில், ஒன்றில்கூட என் எழுத்து இல்லை. சாய்கோட்டுக்குப் பிறகு வெறும் இடம். சங்கரலிங்கம் ஐயா, ஒரு எழுத்து குறைந்தால் இடது பக்கம் வைக்கிறவர், அந்த வெறும் இடத்தைப் பார்த்துப் பார்த்து வலது பக்கம் வைத்தார். அவர் ஓய்வு பெற்றபோது நான் மாலை போடவில்லை.

இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கம்பெனி விஷயத்தை உங்கள் சொந்தக் கணக்கில் இருந்து அனுப்பாதீர்கள். யார் எவ்வளவு பிரியமாகக் கேட்டாலும் அனுப்பாதீர்கள். தன் பெயரில் அனுப்பப் பயப்படுகிற மெயிலை உங்கள் பெயரில் அனுப்பச் சொல்கிறவர், வரப்போகும் கெட்ட பெயரை உங்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார். இதைக் கற்க எனக்கு இருபது வருஷம் ஆனது.

பேச்சி போன வருஷம் செத்துப் போனாள். மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள் அங்கேயே விழுந்துவிட்டாள். துஷ்டிக்குப் போனேன். வாசலில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சின்னப் பிள்ளையில் தூக்கியிருக்கிறேன். என்னை யாரென்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். அந்தப் பிள்ளை மெதுவாகத்தான் சொன்னாள், எனக்குக் கேட்டுவிட்டது.

"எங்கம்மா வேலையக் கெடுத்தாவள்லா, அந்த டைப்பிஸ்ட்டு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த தெருக்காரி என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அந்த வீட்டில் என் பெயர் அதுதான். பேச்சி அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளிடம் நான் என்ன சொல்ல? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் நான் எழுதியிருக்க மாட்டேன், மோகன்குமார். செத்தவளுக்குச் சொல்லி ஆகப்போவது என்ன என்று இருந்திருப்பேன். நீங்கள் மேடை ஏறி அதையே ஒரு சிரிப்புக் கதையாகச் சொன்னீர்கள். அன்றைக்கு பேச்சியின் மகளும் அந்த மண்டபத்தில்தான் இருந்தாள். உங்கள் கம்பெனியில்தான் இப்போது அவள் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அவளும் கைதட்டினாள்.

நான் காசு கேட்கவில்லை. என்னிடம் தனியாக வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டாம், வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். பொய்யை மைக்கில் சொன்னீர்கள், பதிலையும் மைக்கில் சொல்லுங்கள். அடுத்த மாதம் சங்கப் பொதுக்குழு கூடுகிறது. நீங்கள்தான் தலைவர். இந்தக் கட்டுரை மலரில் வந்தாலும், வராமல் நீங்கள் தடுத்தாலும், இதன் நகலை அன்றைக்கு வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். யார் யாருக்கு நகல் போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று கேள்விகள்தான். அந்த மெயிலை அனுப்பச் சொன்னது யார்? கம்பெனி கணக்கு இருக்கும்போது என் கணக்கைக் கேட்டது ஏன்? ஹாம்பர்க் பார்ட்டியின் முகவரியை எடுத்துவிடவா என்று நான் கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? பேச்சியின் மகளை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, எழுந்து நின்று, அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரையின் அடியில் சாய்கோடு போட்டு என் எழுத்தைப் போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் உள்ள இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அன்றைக்கு எடுக்கச் சொன்ன உங்கள் இரண்டு எழுத்தை அங்கே எல்லோர் முன்னாலும் போடுங்கள்.

________ / ஜே.எஸ்.